மூடுலைப் பொதுக் களஞ்சியத்தோடு இணைப்பது: கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களின் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கமும் கல்லூரிகளுக்கு மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளின் சர்வரைப் பார்த்துக்கொடுப்பதுதான் என் வேலை. கல்லூரி திறந்த கையோடு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: விக்கிமீடியா காமன்ஸ் (படக் களஞ்சியம்), எச்5பி (பயிற்சிக் கோப்பு வகை), தீக்‌ஷா என்ற அரசுப் பாடத் தளம் மாதிரி எல்லோருக்கும் திறந்திருக்கும் இடத்தில் உள்ள பாடங்களை நம் எல்எம்எஸ்ஸுக்குள், அதாவது மூடுலுக்குள், எப்படிக் கொண்டுவருவது? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் மூடுலில் ஒரே பாடத்தின் பிடிஎஃப்பை ஏழெட்டுப் பேர் ஏழெட்டு இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசியாகத் திருத்தியது எது என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுக் களஞ்சியத்தோடு இணைத்தால் தீருமா? ரெப்பாசிட்டரி, எம்பெட், எல்டிஐ என்று மூன்று வழி சொல்கிறார்களே, எங்களுக்கு எது சரி?
- விரிவுரையாளர், மஞ்சக்குப்பம்

தீரும், ஆனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மூலப் பிரதி எங்கே இருக்கப்போகிறது? அது ஒரே இடத்தில் இருந்து, மற்ற எல்லோரும் அங்கே போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தால்தான் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் எல்லா வகுப்பிலும் திருந்தும். ரெப்பாசிட்டரி பிளக்இன் (மூடுலுக்குள்ளிருந்தே வெளிக் களஞ்சியத்தில் தேடி எடுக்கும் துணை நிரல்) பெரும்பாலும் பிரதி எடுத்து உங்கள் சர்வருக்குள் வைத்துவிடும். படங்களுக்கு அது போதும், பாடத்துக்கு அது பழைய நோயேதான். எம்பெட் என்றால் மூலம் அங்கேயே இருக்கும், உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு ஜன்னல் திறக்கிறீர்கள், ஆனால் மாணவர் பார்த்தாரா, எத்தனை மார்க் என்பது மூடுலுக்குத் தெரியாது. எல்டிஐ என்பது மூடுலையும் வெளித்தளத்தையும் இணைக்கும் ஒரு பொது முறை, அதில் மாணவர் மூடுலில் லாகின் செய்திருந்தாலே போதும், இன்னொரு பாஸ்வேர்ட் கேட்காமல் அந்தப் பக்கம் போய்விடலாம், பயிற்சி முடிந்ததும் மார்க்கும் திரும்பி வந்து உட்காரும்.

மார்க் வேண்டாம் என்றால் எம்பெட்டோடு நில்லுங்கள். எல்டிஐ-யை வீணாக இழுத்துப் போடவேண்டாம், அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் மூடுல் கல்லூரி லேபுக்குள் 192.168-இல் ஓடுகிறது. வெளியில் உள்ள ஒரு பயிற்சித் தளத்தை எல்டிஐ 1.1-இல் இணைத்திருந்தோம். பாடம் திறக்கும், மார்க் மட்டும் வராது. சரி என்று 1.3-க்கு மாறினோம், இப்போது பாடமே திறக்கவில்லை. என்ன தப்பு செய்கிறோம்?
- லேப் பொறுப்பாளர், வில்லியனூர்

செட்டிங்கில் நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். சர்வர் இருக்கும் இடம்தான் பிரச்சினை.

1.1-இல் இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளும். மாணவரின் பிரவுசர் அந்தக் கையெழுத்தைச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தால் போதும், அந்தத் தளம் உங்கள் மூடுலை நேராகத் தொடவே வேண்டியதில்லை. அதனால்தான் பாடம் திறந்தது. மார்க் அனுப்பும்போது அந்தத் தளமே மூடுலின் கதவைத் தட்டவேண்டும். 192.168 என்பது உங்கள் காம்பவுண்டுக்குள் மட்டும் செல்லும் விலாசம், வெளியிலிருந்து எப்படித் தட்டும்?

1.3-இல் ரகசியச் சொல் கிடையாது, பப்ளிக் கீ, அதாவது கையெழுத்தைச் சரிபார்க்க வெளிப்படையாக வைக்கும் சாவி. மூடுல் கையெழுத்துப் போட்டு அனுப்பும், எதிர்ப்பக்கம் மூடுலின் பப்ளிக் கீயை உங்கள் சர்வரிலிருந்து எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் கதவைத் திறக்கும். விலாசம் எட்டாததால் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. பாதுகாப்புக்கு 1.3-தான் நல்லது, திரும்ப 1.1-க்குப் போகச் சொல்லமாட்டேன்.

வழி இரண்டு. ஒன்று, மூடுலுக்கு ஒரு டொமைன் பெயரும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பும் கொடுத்து வெளியிலிருந்து எட்டும்படி செய்வது. அதற்கு வேண்டிய சர்டிஃபிகேட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. இரண்டாவது, அந்தப் பயிற்சிகள் எச்5பி கோப்பாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைத்தால் எல்டிஐ-யே வேண்டாம், மூடுல் 3.8 முதலே எச்5பி உள்ளேயே இருக்கிறது, 3.9 முதல் அதற்குத் தனி ஆக்டிவிட்டியும் உண்டு, மார்க் வீட்டுக்குள்ளேயே விழும். லேபை விட்டு வெளியே வராத சர்வருக்கு இதுதான் என் சிபாரிசு.

முதல் வழியில் போனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் இதில் ஒரு முழு சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். ஒரு கல்லூரியில் கிளையன்ட் ஐடி, டிப்ளாய்மென்ட் ஐடி, கீ விலாசம் என்று இணைப்புக்கான விவரங்கள் எல்லாம் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாகிவிட்டது, ஆனாலும் டோக்கன் (மூடுல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் சீட்டு) செல்லாது என்று வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது தற்செயலாக சர்வர் திரையின் மூலையைப் பார்த்தால் மணி 4:47, என் கையில் 4:58. மதர்போர்டு பேட்டரி போய், கரெண்ட் கட் ஆகும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்குப் போயிருக்கிறது. டோக்கனுக்கு ஆயுள் மிகக் குறைவு, அதனால் மூடுல் புதிதாக எழுதித் தந்ததே எதிர்ப்பக்கத்துக்குக் காலாவதியான சீட்டாகத் தெரிந்தது. பேட்டரியை மாற்றி, சர்வரின் மணியை இணையத்தோடு ஒத்துவைக்கும் என்டிபி-யை ஓடவிட்டதும் அடுத்த கிளிக்கில் திறந்தது. உங்கள் சர்வரின் மணியை இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், பாடம் மூடுல் பக்கத்துக்குள்ளேயே திறக்கும்படி வைத்திருந்தால் பிரவுசர்கள் வெளித்தளத்தின் குக்கீயைத் தடுத்து வெறும் வெள்ளைக் கட்டம் காட்டக்கூடும். புது ஜன்னலில் திறக்கும்படி மாற்றிவிடுங்கள்.

எல்டிஐ செட்டிங்கில் மாணவர் பெயர், மெயில் இரண்டையும் அனுப்பவா என்று கேட்கிறது. என்ன கொடுக்கலாம்?
- பள்ளி ஆசிரியை, லாஸ்பேட்டை

இரண்டுக்கும் "வேண்டாம்" கொடுங்கள் மேடம். மூடுல் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணை அனுப்புகிறது, மார்க்கைச் சரியான ஆளுக்குச் சேர்க்க அதுவே போதும். உங்கள் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கேட்காத பெயரைக் கொடுத்துவிட்டு ஒப்புதல் தேடி அலைவானேன்? சில தளங்கள் பெயர் இல்லாமல் திறக்காது, அப்படிப்பட்ட தளத்தைப் பள்ளிக்கு எடுக்காதீர்கள்.

இன்னோர் ஆசிரியர் கொடுத்த எச்5பி கோப்பை நான் ஏற்றினால் எரர் வருகிறது, அதையே அட்மின் ஏற்றினால் வேலை செய்கிறது. கோப்பு கெட்டுப்போனதா?
- விரிவுரையாளர், நெய்வேலி

கோப்பு நன்றாக இருக்கிறது. எச்5பி கோப்பு என்பது ஒரு ஜிப் மூட்டை, உங்கள் பாடத்தோடு அதை ஓட்டுகிற லைப்ரரியும் அதற்குள் இருக்கும். புது லைப்ரரியை நிறுவும் உரிமை சாதாரணமாக ஆசிரியர் கணக்குக்குக் கிடையாது, அது நல்லதுக்குத்தான், ஏனென்றால் அது ஓடக்கூடிய நிரல். அட்மின் ஒருமுறை எச்5பி வகைகளைப் புதுப்பித்துவிட்டால் உங்களுக்கும் ஏறும். ஷெட்யூல்டு டாஸ்க் பட்டியலில் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அது ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் நின்று கிடப்பதே தெரியாமல் இருக்கும் சர்வர்கள் நிறைய.

அரிக்கமேடு பாடத்துக்கு விக்கிமீடியா காமன்ஸிலிருந்து படங்கள் எடுக்கலாமா? லிங்க்கை மட்டும் ஒட்டினால் போதாதா? கீழே பெயர் போடவேண்டுமா?
- வரலாற்று ஆசிரியர், அரியாங்குப்பம்

தாராளமாக எடுக்கலாம். உங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடம், பிள்ளைகள் படத்தில் பார்த்துவிட்டு நடந்தே போய்ப் பார்க்கலாம். காமன்ஸில் ஒரு பெரிய நிம்மதி, "வணிகத்துக்குக் கூடாது", "மாற்றக் கூடாது" என்ற லைசென்ஸ்களை அங்கே ஏற்றுக்கொள்வதே இல்லை. அதனால் வெட்டலாம், பெயர் குறிக்கலாம், தமிழில் அம்புக்குறி போடலாம்.

பெயர் போடத்தான் வேண்டும். மூடுல் அட்மின் விக்கிமீடியா ரெப்பாசிட்டரியை இயக்கி வைத்திருந்தால், படம் சேர்க்கும் பெட்டியிலேயே தேடி எடுக்கலாம். எடுக்கும்போது ஆசிரியர் என்று ஒரு கட்டமும் லைசென்ஸ் என்று ஒரு கட்டமும் வரும். அங்கே நம் ஆசிரியர்கள் அவசரத்தில் தங்கள் பெயரையே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் மூடுல் உள்ளே இருப்பவரின் பெயரைத் தானாக நிரப்பி வைத்திருக்கும். அதை அழித்து, படம் எடுத்தவரின் பெயரைப் போடுங்கள். பிறகு படத்தின் அடியில் தலைப்பு, எடுத்தவர், காமன்ஸ் பக்கத்தின் லிங்க், லைசென்ஸ் நான்கும் ஒரே வரியில். இருபது விநாடி வேலை.

லிங்க் ஒட்டுவதைப் பற்றி: படத்துக்குப் பிரதி எடுப்பதே நல்லது. படம் அடிக்கடி திருத்தப்படுவதில்லை, ஆனால் காமன்ஸில் பெயர் மாற்றம், நீக்கம் உண்டு, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் படம் உடைந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் ஒரு அருமையான அறிவியல் பாடம், கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் "சிசி பை என்டி" என்று இருக்கிறது. தமிழில் பெயர்த்து எங்கள் மூடுலில் போடலாமா?
- ஆசிரியை, பாகூர்

போடமுடியாது. என்டி என்றால் மாற்றியதைப் பகிரக்கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அந்த லைசென்ஸின் 4.0 பதிப்பில் நீங்கள் பெயர்த்து உங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம், வகுப்புக்குக் கொடுத்தால் அது பகிர்வு. ஆனால் எழுதிக் கேளுங்கள். "தமிழில் பெயர்க்க அனுமதி தருவீர்களா, உங்கள் பெயர் முதலில் வரும்" என்று நான்கு வரி. கிடைக்கவில்லை என்றால் சிசி பை (எழுதியவர் பெயரைச் சொன்னால் மாற்றலாம்) அல்லது சிசி பை எஸ்ஏ பாடத்தைத் தேடுங்கள். ஐஐடிகளின் என்பிடெல் இணையப் பாடங்கள் சிசி பை எஸ்ஏ-தான், பெயர்க்கலாம், ஆனால் உங்கள் பெயர்ப்பையும் அதே லைசென்ஸில்தான் விடவேண்டும்.

தீக்‌ஷா பாடங்களை எல்டிஐ-யில் இணைக்க எங்கள் பள்ளியில் சொல்கிறார்கள்.
- புதுச்சேரி அரசுப் பள்ளி

ஒவ்வொரு பாடத்துக்கும் தனி விலாசம் இருக்கிறது, அதை மூடுலில் யுஆர்எல் ஆக்டிவிட்டியாக, அதாவது வெறும் லிங்க்காக, போடுங்கள், போதும். பாட விவரத்தில் லைசென்ஸும் இருக்கும், பிரதி எடுக்கும் முன் அதைப் படியுங்கள்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கம் நெட் நாள்கணக்கில் போய்விடும். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது எம்பெட் செய்த பாடம் ஒன்றும் திறக்கவில்லை. என்ன செய்வது?
- பாலிடெக்னிக் விரிவுரையாளர், கடலூர் முதுநகர்

நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்த புயல், எங்களுக்கும் அதே கதைதான். இந்தக் கடற்கரையில் பாடம் நடத்துகிறவர்கள் இதைத் திட்டத்தோடு சேர்த்தே யோசிக்கவேண்டும். எல்டிஐ-யும் எம்பெட்டும் நெட் இல்லாமல் நடக்காது. மூடுல் மொபைல் ஆப்பில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் பிடிஎஃப், பக்கங்கள், எச்5பி, ஸ்கார்ம் 1.2 பாடப் பொதிகள் எல்லாம் நெட் இல்லாமல் திறக்கும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பாடங்களை மட்டுமாவது எச்5பி-யாக உள்ளே வைத்து, செப்டம்பர் கடைசியில் மாணவர்களை வகுப்பிலேயே, கல்லூரி வைஃபையில், இறக்கச் சொல்லுங்கள். வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பாதிப் பேருடைய டேட்டா தீர்ந்திருக்கும்.

மூலம் ஒரே இடத்தில் என்று மேலே சொன்னேனே, அதற்கு இது முரண் இல்லை. மூலம் களஞ்சியத்தில்தான், இது மழைக்காலத்துக்கான பிரதி. ஜனவரியில் அதை எடுத்துவிட்டு லிங்க்கைத் திரும்பப் போடுங்கள்.

முந்திரி, பலா சாகுபடி பற்றி இருபது வருஷமாக எழுதிய தமிழ்க் குறிப்புகள் என்னிடம் உள்ளன, எல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில். பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாமா, யாராவது எடுப்பார்களா?
- வேளாண் ஆசிரியர், பண்ருட்டி

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன். களஞ்சியத்திலிருந்து எப்படி எடுப்பது என்று கேட்பவர்கள் நூறு பேர், எப்படிப் போடுவது என்று இந்த வருஷம் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். முந்திரியைப் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ கிடைக்கும். பண்ருட்டி செம்மண்ணில் இருபது வருஷம் பார்த்ததைத் தமிழில் எழுதியது உங்களிடம்தான் இருக்கிறது.

முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக உள்ளன, ஆனால் மாற்றியதை அப்படியே நம்பாதீர்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்து, பிறகு கால் அடிப்போம். கருவி சரியாக இல்லாவிட்டால் "கொ" என்பது கண்ணுக்குக் "கொ" மாதிரியே இருக்கும், உள்ளே ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. "ஔ" வரும் இடத்தில் "ஒ"-வும் "ள"-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, தேடும் இயந்திரத்துக்குத் தெரியும்.

பிடிஎஃப்பாக மட்டும் போடாதீர்கள், திருத்தக்கூடிய கோப்பும் கூடவே இருக்கட்டும். ஒரு நோய்க்கு ஒரு கோப்பு, ஒரு பருவத்துக்கு ஒரு கோப்பு என்று பிரியுங்கள், 200 பக்கத்தை ஒரே கட்டாகப் போட்டால் இன்னோர் ஆசிரியர் தனக்கு வேண்டிய இரண்டு பக்கத்தை எடுக்கமுடியாது. தலைப்பைத் தமிழில் வையுங்கள், மொழி என்ற கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள், லைசென்ஸ் சிசி பை எஸ்ஏ. அப்போது யார் திருத்தி எழுதி வெளியிட்டாலும் அதையும் திறந்தேதான் விடவேண்டும், உங்கள் பெயரும் கூடவே போகும். படங்கள் காமன்ஸுக்கு, பாடம் தமிழ் விக்கிநூல்களுக்கு. உங்கள் கல்லூரி மூடுலில் அவற்றின் லிங்க்.

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முந்திரியில் தேயிலைக் கொசு என்ற பூச்சி பற்றிய குறிப்பு ஒன்றை மட்டும் மாற்றி ஏற்றுங்கள். ஏற்றும் முன் மாற்றிய கோப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் "கொட்டை", "கொசு" என்று புதிதாகத் தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தும் "இல்லை" என்று வந்தால், நான் சொன்ன கொம்பும் காலும் பிரிந்து கிடக்கின்றன. அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள், சேர்த்துத் தருகிறேன்.