அன்னை மரியா குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் சகாய மாதா படத்தில் குழந்தையின் செருப்பு ஏன் கழன்று தொங்குகிறது?

அந்தக் குழந்தை எதையோ பார்த்துப் பயந்து, அம்மாவிடம் ஓடிவந்து தாவியதன் அடையாளம் அது. எதைப் பார்த்துப் பயந்தது என்பதும் படத்திலேயே இருக்கிறது. மேலே இரண்டு பக்கமும் சின்னதாகத் தெரியும் வானதூதர்களைக் கவனியுங்கள். நமக்கு இடப்பக்கம் மிக்கேல், கையில் ஈட்டியும் கடற்பஞ்சும். வலப்பக்கம் கபிரியேல், சிலுவையும் ஆணிகளும். இயேசு பிற்காலத்தில் படப்போகும் சிலுவைப் பாடுகளின் கருவிகள் இவை. குழந்தையின் முகம் கபிரியேல் பக்கம் திரும்பியிருக்கிறது.

என்னை அதிகம் ஈர்ப்பது கைகள்தான். குழந்தை இரண்டு கைகளாலும் தாயின் வலக்கையைப் பற்றியிருக்கிறது. தாயோ அதை இறுக்கிப் பிடிக்கவில்லை. விரல்களைத் தளர்வாக விட்டிருக்கிறார். அந்தக் கைகள் ஏறக்குறைய படத்தின் நடுவில் வருவதால் நம் கண் தானாக அங்கே போய் நிற்கும். மாதாவின் பார்வை குழந்தை மேல் இல்லை, நம் மேல் இருக்கிறது. அதனால்தான் இந்தப் படத்தின் முன் நிற்பவர் வெறும் பார்வையாளராக இருக்க முடிவதில்லை.

பின்னணி முழுக்கப் பொன்னிறம். வீடு, மரம், வானம் எதுவும் கிடையாது. கிழக்குத் திருச்சபையின் ஓவிய மரபான பைசாந்திய மரபில் அது விண்ணக ஒளி. மூலப்படம் ரோமில் புனித அல்போன்ஸ் லிகோரி ஆலயத்தில் 1866 முதல் இருக்கிறது.