காய்ச்சல் விட்ட பிறகு நாய்க்குட்டியின் கண் நீலமாகிவிட்டது: நரியிடமிருந்து தொற்றியதா, பிள்ளைகளுக்கு வருமா?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலோர வீடு. ஐந்து மாதக் குட்டி, தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருக்கிறது. காய்ச்சல், வாந்தி வந்து தணிந்து, இப்போது ஒரு கண் நீலம் பூத்திருக்கிறது. இரவில் கொல்லைப் பக்கம் நரி வந்து போகிறது.

காய்ச்சல், நடுவில் ஓரிரு நாள் தெளிவு, மறுபடி காய்ச்சல், ஏழு முதல் பத்து நாளில் கண்ணில் நீலம். இந்த வரிசை நாய் அடினோவைரஸ் முதல் வகையைத்தான் முதலில் நினைக்க வைக்கும். கல்லீரலையும் ரத்தக்குழாயின் உள்சுவரையும் தாக்கும் கிருமி இது. இரண்டாம் வகை பெரும்பாலும் இருமலோடு நின்றுவிடும்.

கண் நீலமாவது நோய் முற்றுவதால் அல்ல. உடலில் சுரக்கும் எதிர்ப்பொருள் வைரஸோடு சேர்ந்து கண்ணில் படிய, கருவிழியின் உள்படலம் பழுதாகி அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. அதாவது குட்டி பிழைத்து வரும் கட்டத்தில் தெரியும் அடையாளம். பெரும்பாலும் தானே தெளியும். ஆனால் கண்ணை இடுக்கினாலோ, வெளிச்சம் கண்டு ஒதுங்கினாலோ, கண் புடைத்தாற்போலத் தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்; உள்ளே அழற்சி இருக்கலாம், கண் அழுத்தம் ஏறலாம். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விடவே கூடாது. கருவிழியில் புண் இருந்தால் அது ஓட்டையாகிவிடலாம். சாய மருந்து விட்டுப் பார்த்துப் புண் இல்லையென்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சே.

இன்னொன்றை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். டெல்டாவில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் நிரம்பிக் கிடக்கும்போது, கல்லீரல் கெட்ட நாய் என்றால் எலிக்காய்ச்சலை விலக்காமல் அடினோ என்று முடிவுகட்டக் கூடாது. வரப்பு வளையில் இருக்கும் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரைத்தான் நாய் குடிக்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாவது எலிக்காய்ச்சலில் அதிகம். அடினோவில், தீவிரமான கட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. அங்கே தெரிவது தொண்டை வீக்கம், வயிற்றைத் தொட்டால் முனகல், ஈறில் சிவப்புப் புள்ளி, ஊசி குத்திய இடத்தில் நிற்காத ரத்தம். உண்ணி இருந்தால் உண்ணிக் காய்ச்சலும் இதே புள்ளிகளைக் காட்டும். ஆகவே ரத்த அணுக்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணு, கல்லீரல், சிறுநீரக அளவுகள் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். உறுதிப்படுத்த ரத்தம், மூத்திரம் இரண்டிலும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யலாம். உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

நாய் அடினோ மனிதருக்கு வராது. எலிக்காய்ச்சல் வரும். பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை பிள்ளைகளை மூத்திரம் பட்ட இடத்தில் விடாதீர்கள். அதன் கழிவை அள்ளும்போது கையுறை போடுங்கள்.

அடினோவைக் கொல்ல மருந்து கிடையாது. குளுக்கோஸ் கலந்த சலைன், வாந்தி நிற்க மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் அல்லது பிளாஸ்மா, இவ்வளவுதான். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஏற்கெனவே நொந்திருக்கும் கல்லீரல் அது. கீழாநெல்லி அரைத்துப் புகட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கீழாநெல்லியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

குட்டி துள்ளி விளையாட ஆரம்பித்த பிறகும் சிறுநீரகத்தில் வைரஸ் தங்கி, ஆறு மாதத்துக்கு மேலும் மூத்திரத்தில் வெளியேறும். தெருவிளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு வந்தால் அடுத்து மோந்து பார்க்கும் குட்டிக்கு அது போதும். அதுவரை தனித் தட்டு, மூத்திரம் பெய்யத் தனி மூலை, புதுக் குட்டி வீட்டுக்கு வேண்டாம்.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் டெட்டாலுக்கும் ஸ்பிரிட்டுக்கும் எளிதில் மசியாது. வெளியே வாரக்கணக்கில் கிடக்கும். சிமெண்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 35 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். 30 விழுக்காடு குளோரின் உள்ள புதுப் பவுடரானால் இது ஏறத்தாழ 1 விழுக்காடு கரைசல். பிரித்து வைத்து மணம் போன பவுடர் வீண். ஆசிட்டோடு கலக்கக் கூடாது. சாணி மெழுகிய தரையிலும் களிமண்ணிலும் குளோரின் செத்துப்போகும். அங்கே மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு வெயில் படவிடுவதுதான் வழி. தட்டு, சாக்குக்குக் கொதிநீர் போதும்.

நரிக்கு வருகிறேன். 1925இல் அமெரிக்கப் பண்ணைகளில் வளர்த்த வெள்ளி நரிகளிடம்தான் (ஆங்கிலத்தில் ஃபாக்ஸ்; நம் ஊர் நரி ஜக்கால், வேறு இனம்) இந்த அடினோ நோய் மூளைக்காய்ச்சலாக முதலில் விவரிக்கப்பட்டது. நாயின் கல்லீரல் நோயாக ஸ்வீடனில் ரூபார்த் என்ற ஆய்வாளர் விவரித்தது 1947இல். ஓநாய்க்கும் கரடிக்கும்கூட வரும். உங்கள் கொல்லை நரியிடமிருந்து வந்திருக்க முடியாது என்றில்லை, ஆனால் தடுப்பூசி போடாத தெருநாய்தான் என் முதல் சந்தேகம். சொல்லப்போனால் கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்து நரிகளுக்கு நம் நாய்களால் வரும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பகலில் தள்ளாடியோ வலிப்போடோ நரி திரிந்தால் அது அடினோவா என்று யோசிக்க வேண்டாம், வெறிநோய் என்றே வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையம்.

பக்கத்து வீட்டுக் குட்டிகளுக்கு: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 2 முதல் 4 வார இடைவெளியில் கூட்டுத் தடுப்பூசி, கடைசித் தவணை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு அதற்கு முன் போட்ட ஊசியை வீணாக்கிவிடலாம்; ஒரே தவணையோடு நிறுத்திய உங்கள் குட்டிக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். புட்டியில் உள்ளது இரண்டாம் வகை வைரஸ். அது முதல் வகையையும் தடுக்கும்; முன்பு முதல் வகையையே போட்டபோது ஊசியாலேயே கண் நீலமானதால் மாற்றினார்கள். எலிக்காய்ச்சல் ஊசியும் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், அதற்கு இரண்டு தவணையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் வேண்டும். புட்டி 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டும், கரைத்த உடனே போட்டுவிட வேண்டும்.