காட்டின் கணக்கு

கேள்வி: அழகர்மலைக் காடு அரசு நிலமாகவே கிடப்பதால் ஊருக்கு என்ன வருமானம்? (மேலூர் வாசகர்)

பதில்: வெட்டி விற்ற மரத்தின் விலையை மட்டுமே வருமானம் என்று எண்ணிப் பழகியதால் எழும் கேள்வி இது. மதுரைக்குக் குடிநீரும் பாசனமும் தரும் வைகை, வருசநாட்டு மலைக்காட்டில் பிறக்கிறது. அங்கே சருகும் வேரும் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடாவிட்டால், அது ஒரே மூச்சில் வெள்ளமாக ஓடி, மலைமண்ணை அணைக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிடும். அந்த வண்டலைத் தூர்வார ஆகும் செலவைக் காடு மிச்சப்படுத்துகிறது என்று நாம் கணக்கெழுதுவதில்லையே என்பது என் நெடுநாள் வருத்தம். உங்கள் அழகர்மலையிலேயே, பாறையிடுக்கில் கசியும் நூபுர கங்கை நீரில்தான் அழகருக்குத் திருமஞ்சனம் நடக்கிறது. தேன், நெல்லி, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வழங்கியிருக்கிறது. அதற்கான மனுவைக் கிராம சபையிலேயே கொடுக்கலாம்.