ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்மேல் ஏன் இந்தக் கிறுக்கு? – வாசகர் கேள்வி பதில்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை) உடம்பை விட லென்ஸைப் பார்த்து வாங்குங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு டெல்டா முழுக்க இருந்து கேள்விகள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் என்று தனியாகக் கொண்டாடுகிறீர்களே, எஸ்எல்ஆர் லென்ஸில் இல்லாத எது அதில் இருக்கிறது? – வாசகி, கும்பகோணம்

பதில்: எஸ்எல்ஆர் என்பது லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா, அதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி விழுவதற்கு இடம் விட வேண்டும். நிக்கான் எஃப் மவுண்ட்டில் (மவுண்ட் என்றால் லென்ஸ் மாட்டும் வாய்) அந்த இடைவெளி 46.5 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடியே கிடையாது, தூரத்தைப் பார்க்க மேலே தனி ஜன்னல் இருக்கிறது, அதனால் லைக்கா எம் மவுண்ட்டில் 27.8 மி.மீ. போதும். 50 மி.மீ. லென்ஸுக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. 35, 28, 21 என்று அகலக் கோணத்துக்குப் போகும்போதுதான் எஸ்எல்ஆர்காரர் திண்டாடுகிறார். கண்ணாடிக்கு இடம் விட்டுவிட்டு லென்ஸை எட்ட நிறுத்த வேண்டியிருப்பதால் முன்னால் ஒரு பெரிய குழிலென்ஸைப் போட்டு ஒளியை வளைத்துக் கொண்டுவருகிறார். லென்ஸ் பெருக்கிறது, கனக்கிறது, நேர்கோடு லேசாக வயிறு தள்ளுகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமை ஒட்டியே நிற்கலாம், ஆகவே முன்பாதியும் பின்பாதியும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில் செய்ய முடிகிறது, முன்பாதி செய்யும் கோணலைப் பின்பாதி சரிக்கட்டிவிடும். 1954இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் வெளியிட்ட 21 மி.மீ. பயோகான் இந்த வகைதான், லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்று மாளிகையின் தூண் வரிசையை இப்படி ஒரு லென்ஸில் எடுத்துப் பாருங்கள், ஓரத்துத் தூணும் தூணாகவே நிற்கும். மூலைகள் கொஞ்சம் இருட்டடிக்கும், அது இந்த அமைப்போடு கூடப்பிறந்தது, எனக்கு அது பிடிக்கவும் செய்யும்.

இன்னொன்று சொல்ல மறந்துவிடுவார்கள். ஜன்னல் தனி என்பதால் லென்ஸ் பெருத்தால் அது ஜன்னலின் கீழ் மூலையை மறைத்துவிடும். அதனாலேயே லென்ஸைச் சிறிதாகச் செய்ய வேண்டிய கட்டாயம் வடிவமைப்பாளருக்கு இருந்தது. லென்ஸ் ஹூடில்கூட இடைவெளி வெட்டிவிட்டிருப்பார்கள், அதன் வழியாகப் பார்க்கலாம். ஒளியைக் குறைவாக விடும் எஃப் 3.5 எல்மார் லென்ஸைப் போட்டாலும் நிறைய விடும் எஃப் 1.4 சம்மிலக்ஸைப் போட்டாலும் ஜன்னலில் வெளிச்சம் ஒன்றுதான். பழைய எஸ்எல்ஆரில் சின்ன அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) லென்ஸை மாட்டிக்கொண்டு அந்திநேரத்தில் ஃபோகஸ் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேள்வி: மழுப்பாமல் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு லென்ஸ் எது? – வாசகர், திருவையாறு

பதில்: சோனார். 50 மி.மீ. எஃப் 1.5.

இதுவும் பெர்ட்டெலே கைவண்ணம்தான், 1930களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக வந்தது. அப்போது லென்ஸுக்குப் பூச்சு கிடையாது, ஸைஸில் ஸ்மகுலா என்ற விஞ்ஞானி பூச்சு முறையைக் கண்டுபிடித்ததே 1935இல். பூச்சில்லாத கண்ணாடியில் காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 முதல் 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், அது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறடிக்கும். பெர்ட்டெலே என்ன செய்தார், ஏழு கண்ணாடிகளையும் மூன்று கட்டுகளாக ஒட்டிவிட்டார். காற்றைத் தொடுவது ஆறே பரப்பு. லைக்காவின் அன்றைய சம்மார் லென்ஸில் எட்டு. கணக்கில் இரண்டுதான் வித்தியாசம், ஆனால் படத்தில் கறுப்பு வெளிறாமல் கறுப்பாகவே இருக்கும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு அல்ல, மனித முகத்தை அது எழுதும் விதம். சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கும் பட்டறைக்கு மாலையில் போய்ப் பாருங்கள். காவிரி வண்டலில் செய்த அச்சுக்குள் உருகிய உலோகத்தை ஊற்றும்போது வெளிச்சமெல்லாம் கீழிருந்துதான் வரும், குனிந்திருப்பவரின் தாடையும் மூக்கு நுனியும் செம்மஞ்சளாக, நெற்றி இருட்டில். எஃப் 2இல் ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கண்ணிமை தெளிவாக இருக்கும், காதுக்குப் பின்னால் எல்லாம் மெல்ல உருகிப் போகும், திடீரென்று வெட்டினது மாதிரி இருக்காது. இன்றைய லென்ஸ்களில் கண்ணிமையும் தெளிவு, தாடையில் ஒட்டிய தூசும் தெளிவு. தூசு வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க சோனாரில் ஃபோகஸ் விழும் இடம் கொஞ்சம் பின்னால் நகரும். எஃப் 1.5இல் கண்ணில் பிடித்தது எஃப் 2.8இல் காதுப் பக்கம் போகலாம். ஸைஸ் பெயரில் ஜப்பானின் கோசினா செய்த புதிய சி சோனாரிலும் இது உண்டு. பழகிவிட்டால் உங்கள் உடம்பை ஒரு விரற்கடை பின்னால் சாய்த்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

சோனார் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஜூபிட்டர்-8 இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸைஸின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அதன் வழியில் வந்த 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் இது. அலுமினிய உடம்பு, எடையே தெரியாது. அப்பர்ச்சர் வளையத்தில் ‘கிளிக்’ கிடையாது, வழவழவென்று ஓடும், ஃபோகஸைத் திருப்பினால் எண்களும் கூடவே சுற்றிக்கொண்டு போய்விடும், எரிச்சலாக வரும். படத்தைப் பார்த்ததும் மன்னித்துவிடுவீர்கள். லைக்காவில் மாட்டினால் மட்டும் கிட்டத்துப் படங்களில் ஃபோகஸ் ஒரு நூல் தவறும், ரஷ்யக் கணக்கும் ஜெர்மன் கணக்கும் கொஞ்சம் வேறு. ஜோர்க்கி, ஃபெட் என்ற சோவியத் கேமராக்களில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: எங்கள் ஊர் ஆழித்தேர் ஓட்டத்துக்கு 35ஆ, 50ஆ? கூட்டத்தில் ஃபோகஸ் பார்ப்பதற்குள் தேர் போய்விடுகிறது. – வாசகர், திருவாரூர்

பதில்: 35. யோசிக்கவே வேண்டாம்.

96 அடித் தேரை முழுதாக எடுக்க எட்டத் தள்ளி ஒரு மாடி கிடைத்தால் 50 எடுத்துப் போங்கள். வடத்தோடு வடமாக நடப்பவருக்கு, சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவரை எடுக்க நினைப்பவருக்கு, 35தான். அதிலும் ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பங்குனி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 நொடி. ஃபோகஸை 3 மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரைக்கும் தெளிவாக விழும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளக்கூட வேண்டாம், லென்ஸின் மேலேயே எழுதியிருக்கிறார்கள்: நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 8 என்று ஒரு கோடு இருக்கும், இரண்டு கோட்டுக்கும் நடுவே எந்தத் தூரங்கள் வருகின்றனவோ அவை தெளிவு. இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் இந்த அளவுகோலையே எடுத்துவிட்டார்கள். என்ன மிச்சம் பிடித்தார்களோ.

அப்புறம், 35 மி.மீ. லென்ஸ் பலவற்றில் அடியில் விரல் வைக்க ஒரு சின்ன வளைந்த காது இருக்கும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தொட்டாலே தூரம் தெரியும். லென்ஸுக்கு லென்ஸ் இடம் மாறும், அதனால் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் வீட்டுத் திண்ணையில் பழகுங்கள்: தூணுக்கு இவ்வளவு, வாசற்படிக்கு இவ்வளவு, எதிர்வீட்டுக்கு இவ்வளவு என்று. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே விரல் தூரத்தை வைத்திருக்கும். இந்த லென்ஸ்கள் பிடித்துப்போனதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான், சோனார் முகமெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸான் 50 மி.மீ. லென்ஸ் மட்டுமே வைத்திருந்தாராமே, நம் பக்கம் வந்திருக்கிறாரா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மட்டுமே என்பது மிகை. பெரும்பாலும் 50தான். டெல்டா பற்றி உறுதியாகச் சொல்லக் கூடியது ஏதும் என்னிடம் இல்லை. தமிழ்நாட்டுக்கு வந்தார், 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த இரவில் திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

கேள்வி: அப்பாவின் யாஷிகா எலெக்ட்ரோ 35 பரணில் கிடைத்தது. லென்ஸைக் கழற்ற முடியவில்லை. தேறுமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: கழற்ற முயற்சி செய்யாதீர்கள், அது உடம்போடு சேர்ந்தது! 45 மி.மீ. எஃப் 1.7, அருமையான லென்ஸ், இதைத் தனியாக விற்றிருந்தால் ஆளாளுக்கு விலை ஏற்றியிருப்பார்கள். 1966இல் வந்த வரிசை இது. அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே முடிவு செய்யும். அந்தக் கால 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது இல்லை, 6 வோல்ட் பேட்டரியை ஒரு சிறு அடாப்டரில் வைத்துப் போடலாம். பேட்டரி இல்லாவிட்டால் 1/500 வேகத்தில் மட்டும் ஓடும். பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுவென்று கரைந்திருக்கும், அதை மாற்றிவிட்டு ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: லைக்காவின் நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப் 0.95 லென்ஸ் வாங்கலாமா? – வாசகர், பாபநாசம்

பதில்: 700 கிராம் எடை. ஒரு மீட்டரில் தெளிவு விழும் ஆழம் ஏறக்குறைய 2 செ.மீ., அதாவது மூக்குத்தி தெளிவு, தோடு மங்கல். ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் சின்னதாக இருப்பதற்குத்தான் அழகு என்று மேலே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், பார்க்க வருகிறேன்.

கேள்வி: என்னிடம் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராதான் இருக்கிறது. இந்த லென்ஸ்களை அதில் மாட்டலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. சோனி இ மவுண்ட்டின் இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ., ஆகவே அடாப்டர் போட இடம் தாராளம். 50 மி.மீ. எல்லாம் நன்றாக வேலை செய்யும். அகலமான பழைய லென்ஸ்களில் ஒளி சென்சாரின் ஓரங்களில் மிகச் சாய்வாக விழுவதால் மூலைகள் குழம்பும், சில சமயம் ஊதா ஏறும். ஜூபிட்டர்-12 என்ற சோவியத் 35 மி.மீ. லென்ஸை மாட்டுமுன் மட்டும் கவனம், அதன் பின் கண்ணாடி பம்பரம் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், சில கேமராக்களில் இடித்துவிடும். புதிதாக வாங்குவதென்றால் கோசினா 1999 முதல் ஃபோக்ட்லாண்டர் பெயரில் செய்து வரும் லென்ஸ்களைப் பாருங்கள். அவற்றில் 35 மி.மீ. கலர் ஸ்கோபார் சட்டைப் பைக்குள் போய்விடும்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வருகிறது. அரிசிப் பானையில் போட்டு வைத்தால் சரியாகுமா? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: நெற்களஞ்சியத்தில் இருந்துகொண்டு அரிசியைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் ஆகாது. தவிட்டுத் தூசுதான் ஏறும். அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வேர்க்கும், தோல் உறையில் மூடி பீரோவில் வைத்த லென்ஸ் தப்பாது. உறையை எடுத்துவிடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு ஈரப்பதமானி, முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். அதைவிட முக்கியம், லென்ஸை வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

இப்போது வந்திருக்கும் வலையை நீங்கள் துடைக்க முடியாது, உள்ளே இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து அவரோடு சேர்ந்து பாருங்கள், பூஞ்சை பூச்சை அரித்திருக்கிறதா என்று கேளுங்கள். அரிக்கவில்லை என்றால் சுத்தம் செய்தால் போய்விடும். அரித்திருந்தால் தடம் நிற்கும், ஆனால் லேசான தடம் படத்தில் தெரிவது அபூர்வம், சூரியனை நேராகப் பார்த்து எடுத்தால் தவிர.