வாசகர் கேள்வி–பதில்: எர்ஜிக்-53 புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டறிதல்

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்களான ஹீலா செல்களில், புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலைப்பின்னலுக்கும் அவற்றைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் காண்பதற்கு, எர்ஜிக்-53 என்ற மனிதப் புரதத்துக்கு எதிரான ஜி1/93 எனும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துமாறு என் வழிகாட்டி கூறினார். இந்தப் புரதத்தையே அடையாளமாகக் கொள்வது ஏன்?
– முதுகலை உயிர்வேதியியல் மாணவி, மதுரை

பதில்: அந்த இடைப்பகுதி தனியான ஓர் அறை என்பதையே அறிவியல் உலகம் பெருமளவுக்கு இந்த எதிர்ப்பொருளின் வழியாகத்தான் ஏற்றுக்கொண்டது. ஒற்றை எபிடோப்பை, அதாவது புரதத்தின் ஒரு சிறு பகுதியை, மட்டும் அறியும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டார்கள். அதன் பிறகு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹான்ஸ்-பீட்டர் ஹௌரியின் ஆய்வுக்குழு, மனிதக் குடல் செல் வகையான காக்கோ-2இன் கோல்கை சவ்வுகளைக் கொண்டு சுண்டெலிகளில் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது. எந்தப் புரதத்தைத் தேடுகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல், ஒவ்வோர் எதிர்ப்பொருளும் செல்லின் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த முறை அது. அவற்றுள் ஒன்று, கோல்கையின் நுழைவுப் பக்கத்தை ஒட்டியிருந்த குழல்களிலும் நுண்பைகளிலும் அமைந்த, 53 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதத்தை அடையாளம் காட்டியது. இந்த முடிவு 1988இல் வெளிவந்தது. எதிர்ப்பொருள் முதலில் கிடைத்து, புரதத்தின் வரிசையும் பணியும் பின்னர் தெரியவந்த நிகழ்வு இது என்பதால், இத்துறையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு என்று கருதுகிறேன்.

எர்ஜிக்-53 சவ்வை ஒரே ஒருமுறை ஊடுருவும் புரதம். அதன் பெரும்பகுதி சவ்வு சூழ்ந்த உட்குழிக்குள் இருக்கிறது. 12 அமினோ அமிலங்களே கொண்ட வால் மட்டும் சைட்டோபிளாசத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உட்குழிப் பகுதி, கால்சியத்தின் துணையோடு, மானோஸ் மிகுந்த சர்க்கரைச் சங்கிலியுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ளும். வாலின் இறுதியிலுள்ள இரண்டு ஃபீனைல்அலனின்கள் வலைப்பின்னலிலிருந்து புறப்படுவதற்கும், அவற்றுக்கு முன்னுள்ள இரண்டு லைசின்கள் மீண்டும் அங்கே திரும்புவதற்கும் உதவுகின்றன. ஆகவே இது ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. இடைவிடாமல் சென்று திரும்பிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்பொருளோடு இணைத்த ஒளிர்சாயம் காட்டுவது, அந்த ஓட்டத்தில் பெரும்பாலான மூலக்கூறுகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே. செல்களை 15 டிகிரி செல்சியஸில் வைத்தால் போக்குவரத்து அந்த இடைப்பகுதியில் தேங்கும். புள்ளிகள் அங்கே தெளிவாகத் திரண்டு தெரியும். உங்கள் சோதனையில் இதைக் கட்டாயம் ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒருமுறை 53 கிலோடால்டன் அருகே பட்டை வந்தது, அடுத்த முறை அந்த இடம் வெறுமையாக, மிக மேலே இரண்டு பட்டைகள் வந்தன. நுண்ணோக்கியிலும், சவ்வைத் துளைக்க டிஜிடோனின் இட்ட செல்களில் ஒன்றும் தெரியவில்லை, ட்ரைட்டன் இட்ட செல்களில் தெரிகிறது. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா?
– ஆராய்ச்சி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளில் எதிர்ப்பொருள் கெட்டதற்கான சான்று எதுவும் இல்லை. இரண்டாம் முறை மாதிரித் தாங்கல் கரைசலில் டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் ஒடுக்கியான பீட்டா-மெர்காப்டோஎத்தனாலோ டிடிடியோ சேர்க்க விடுபட்டிருக்கும் என்று எண்ணுகிறேன். எர்ஜிக்-53 மூலக்கூறுகள், சவ்வுக்கு அருகில் 466, 475 ஆகிய இடங்களிலுள்ள சிஸ்டீன்களின் வழியாக டைசல்ஃபைடு பிணைப்பால் இணைந்து, இரட்டைகளாகவும் அதைவிடப் பெரிய தொகுதிகளாகவும் இருக்கின்றன. ஒடுக்கி இல்லாத ஜெல்லில் அந்தத் தொகுதிகளே ஓடுகின்றன. ஒடுக்கி சேர்த்தால் தனி மூலக்கூறு 53 அருகே வந்து நிற்கிறது. ஒரே மாதிரியை இரு விதமாகவும் அடுத்தடுத்த தடங்களில் ஓட்டினால், பட்டைகள் இடம் மாறுவதைப் பார்த்துவிடலாம். அவ்வாறு மாறுவதே, நீங்கள் பார்ப்பது சரியான புரதம் என்பதற்கு ஒரு துணைச் சான்று.

டிஜிடோனின் விஷயமும் இதைப் போன்றதே. குறைந்த அளவில் அது கொலஸ்ட்ரால் மிகுந்த வெளிச்சவ்வைத் துளைக்கும்; உள்ளுறுப்புகளின் சவ்வுகளை அநேகமாக விட்டுவிடும். உட்குழியிலுள்ள எபிடோப்பை எதிர்ப்பொருள் எட்ட வேண்டுமானால் ட்ரைட்டன் எக்ஸ்-100 அல்லது சப்போனின் வேண்டும். நீங்கள் கண்ட வேறுபாடு, எபிடோப் உட்பக்கம் இருப்பதோடு ஒத்துப்போகிறது. பாராஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்துவதா, குளிர்ந்த மெத்தனாலாலா என்பதை மட்டும் முன்னோட்டமாகச் சோதித்துப் பாருங்கள். மோனோகுளோனல் ஒரே ஒரு எபிடோப்பை நம்பியிருப்பதால், நிலைப்படுத்தும் வேதிப்பொருள் அதை உருக்குலைத்தால் புரதம் முழுமையாக இருந்தும் சாயம் வராது.

கேள்வி: பட்டை சரியான எடையில் வருகிறது, சாயமும் எதிர்பார்த்த இடத்தில் தெரிகிறது. இது போதாதா?
– ஆய்வக உதவியாளர், சென்னை

பதில்: போதாது. புரதம் இல்லாத செல்லில் அந்தச் சாயமும் பட்டையும் மறைய வேண்டும். அதைக் காட்டாதவரை மற்றவை எல்லாம் துணைச் சான்றுகளே. ஒரே எடையில் வேறு புரதங்கள் இருக்கலாம். விஐபி36 போன்ற உறவுப் புரதங்களும் செல்லில் இருக்கின்றன. எர்ஜிக்-53 விஷயத்தில் இந்தச் சோதனைக்கு இயற்கையே இடம் தந்தது. ரத்தம் உறைதலுக்குத் தேவையான ஐந்தாம், எட்டாம் காரணிகள் இரண்டும் ஒருசேரக் குறையும் அரிய பரம்பரை நோய் ஒன்று 1954 முதல் அறியப்பட்டிருந்தது. அதன் காரணம் எர்ஜிக்-53ஐ உருவாக்கும் எல்மேன்1 மரபணுவின் பிழை என்று 1998இல் டேவிட் கின்ஸ்பர்க் குழுவினர் கண்டறிந்தார்கள். நோயாளிகளின் லிம்போசைட் செல்களில் இந்தப் புரதம் அறவே இல்லாததை வெஸ்டர்ன் பிளாட்டாலும் ஒளிர்சாயத்தாலும் காட்டினார்கள். எதிர்ப்பொருளின் நம்பகத்தன்மைக்கு இதைவிடத் தெளிவான எதிர்மறைச் சான்று கிடைப்பது அரிது. உங்களுக்கு நோயாளியின் செல் தேவையில்லை. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் எல்மேன்1 நீக்கப்பட்ட ஹீலா செல்களை, நீக்கப்படாதவற்றோடு ஒரே கண்ணாடித் தகட்டில் கலந்து வளர்த்துச் சாயமிடுங்கள். அருகருகே இருக்கும் இரு செல்கள் ஒரே கரைசலையும் ஒரே கழுவலையும் பெறுவதால், வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் எஞ்சாது.

இந்தச் சோதனைக்குப் பதிலாகப் புரதத்தை மிகையாக உருவாக்கிக் காட்டுபவர்கள் உண்டு. அது எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தை அறியும் என்பதை மட்டுமே காட்டும். வேறொன்றை அறியாது என்பதைக் காட்டாது. போதாக்குறைக்கு, எர்ஜிக்-53 மிகையாகும்போது அதைத் திருப்பி அழைக்கும் ஏற்பாடு திணறி, புரதம் செல்லின் மேற்பரப்புக்கே வந்துவிடும். அந்தப் படத்தை இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறு.

கேள்வி: இதே எதிர்ப்பொருளைச் சுண்டெலித் திசுவில் பயன்படுத்தலாமா?
– கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

பதில்: வேண்டாம். சுண்டெலி தன் சொந்தப் புரதத்துக்கு ஒப்பான பகுதிகளுக்கு எதிர்ப்பொருள் தயாரிப்பது அரிது. அதனால் மனிதப் புரதத்துக்கு எதிராகக் கிடைப்பது பெரும்பாலும் சுண்டெலியிலிருந்து வேறுபடும் பகுதியையே பற்றும். மேலும், சுண்டெலி எதிர்ப்பொருளைக் கண்டறியும் இரண்டாம் எதிர்ப்பொருள் அந்தத் திசுவில் ஏற்கெனவே உள்ள இம்யூனோகுளோபுலினோடும் ஒட்டிக்கொள்ளும். சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலியில் (ராட்) இதற்கு இணையான பி58 புரதம் தனியான எதிர்ப்பொருள்களைக் கொண்டே ஆராயப்பட்டது.

கேள்வி: உறவினர் ஒருவருக்கு ஐந்தாம், எட்டாம் காரணிகள் இரண்டும் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த எதிர்ப்பொருள் சோதனையால் நோயை உறுதி செய்ய முடியுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இதை மட்டும் நம்ப முடியாது. எர்ஜிக்-53உடன் இணைந்து பணிபுரியும் எம்சிஎஃப்டி2 என்ற சிறிய புரதத்தின் மரபணுப் பிழையாலும் இதே நோய் வரும் என்று 2003இல் தெரியவந்தது. அத்தகையவரின் செல்லில் எர்ஜிக்-53 இருக்கும், சாயமும் வரும், நோயும் இருக்கும். இந்தியக் குடும்பங்களில் இரு மரபணுக்களிலும் பிழைகள் பதிவாகியுள்ளன. எனவே இரு காரணிகளின் அளவையும் பரிசோதித்து, இரண்டு மரபணுக்களையும் வரிசைப்படுத்துவதே சரியான வழி. இந்நோயில் இரு காரணிகளும் பொதுவாக இயல்பின் 5 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கும். தானாக ரத்தம் கசிவதைவிட, பல் பிடுங்கும்போதும் அறுவைச் சிகிச்சையின்போதும் பிரசவத்திலும்தான் சிக்கல் எழும். அப்படி எதற்கேனும் நாள் குறிப்பதற்கு முன்பே ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். எட்டாம் காரணி தனி மருந்தாகக் கிடைக்கிறது. ஐந்தாம் காரணிக்கு உறைநிலைப் பிளாஸ்மாவைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்க வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்கும்படி கேளுங்கள்.