வைரஸ் தெரியவில்லை என்றார்கள். சிபிலிஸ் எப்படி வந்தது?

கேள்வி: வயது 38. எச்.ஐ.வி. இருக்கிறது; அதற்காக ஆறு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை. ஆணுறையை நிறுத்திவிட்டோம். சென்ற மாதம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்புள்ளிகள் வந்தன. மருந்துக்கடைக் களிம்பு கேட்கவில்லை. இப்போது சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். 1:64, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். மனைவியிடம் சொல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: ஏ.ஆர்.டி. மாத்திரை எச்.ஐ.வி.யை மட்டுமே அடக்கும். வைரஸ் இந்த அளவில் நீடிக்கும்வரை உடலுறவு மூலம் மனைவிக்கு எச்.ஐ.வி. பரவாது என்பது உண்மை. சிபிலிஸோ உடலுறவு மூலம் பரவும் பாக்டீரியாவால் வருவது; அதற்கும் உங்கள் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

சிபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். அதனால் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறீர்கள். இந்தப் புள்ளிகளும் தாமாகவே மறையும், நோய் உள்ளேயே இருக்கும். களிம்பை விட்டுவிட்டு அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்துக்குச் செல்லுங்கள். பென்சாத்தைன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இரு பிட்டங்களிலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். நன்றாகவே வலிக்கும். அன்றிரவு காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமிகள் மடிவதால் வருவது, ஒரு நாளில் தணியும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு.

டி.பி.எச்.ஏ. பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்து மிரண்டு மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வி.டி.ஆர்.எல். எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 1:64 என்பது 1:16 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்கிறது. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும். கடந்த மூன்று மாதங்களில் உறவு இருந்திருந்தால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவருக்கும் ஊசி தேவை. கர்ப்பமாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சொல்ல வாய் வரவில்லையென்றால், ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் முன்னிலையில் பேசலாம். இருவரும் ஊசி போட்டு, புண்களும் புள்ளிகளும் ஆறி, குறைந்தது ஏழு நாட்கள் கழியும்வரை உறவு வேண்டாம்.

பார்வை மங்கினாலோ, காது மந்தமானாலோ, விடாத தலைவலி இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கிருமி கண்ணையோ காதையோ நரம்பு மண்டலத்தையோ தாக்கியிருந்தால் இந்த ஊசி போதாது. 10 முதல் 14 நாட்கள் ரத்தக்குழாய் வழியாகப் பெனிசிலின் ஏற்ற வேண்டியிருக்கும்.