திருச்சி, தஞ்சைப் பக்கம் உங்களால் மறக்க முடியாத ஹோட்டல் சாப்பாடு எது? மாத மளிகையை எங்கே, எப்படி வாங்குகிறீர்கள்?

இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் நான் பதில் எழுத வந்திருக்க மாட்டேன். ஒன்றாகக் கேட்டதால்தான் எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விடைதான். விற்க வேண்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்றைக்கு இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஆள் எங்கே இருக்கிறாரோ, அங்கே சாப்பிடுங்கள். அப்படிப்பட்டவரிடமே மளிகையும் வாங்குங்கள்.

மாத மளிகை என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ இந்தப் பக்கம் புதிதாக வந்து வீடு பிடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. புகழ்பெற்ற ஹோட்டல்களின் பட்டியலை உங்களுக்குத் தர நிறையப் பேர் இருப்பார்கள். நான் சொல்லப்போகும் ஹோட்டலுக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போடுபவராகச் சேர்ந்து, கடைப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவர். சென்னையில் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய கதையை, சொந்தத் தாத்தா வைத்த கடையைப் போலப் பெருமையாகச் சொல்வார். மாமா வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோக் கணக்கு நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. ஆனாலும் வயதானவர்கள் வீசை, பலம் என்றுதான் கேட்பார்களாம். ஒரு வீசை என்றால் 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. மனக்கணக்காகக் கிராமாக மாற்றி, குறையாமல் நிறுத்து, வந்தவருக்குச் சந்தேகம் தீரும்வரை விளக்கியும் அனுப்ப வேண்டும். தராசு முள் நின்ற பிறகுதான் பொட்டலம் கட்ட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். இன்றைக்கும் மின்னணுத் தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைக்காரரைத் தட்டில் பொருளை வைக்க விடுவார்.

அவர் ஹோட்டலில் சாப்பிட மாட்டார். சர்க்கரை நோய் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், "மட்டமான பருப்பை யார் மூட்டையாக எடுத்துப் போவார்கள் என்று பார்த்தவன் நான்" என்பது. வெளியூர் போனால் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ தயிர்சாதமோ கையோடு வரும்.

2019-இல் நிலப் பத்திர வேலையாக அவரை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். வேலை முடியும்போது மூன்று மணியைத் தாண்டிவிட்டது. கொண்டுபோன இட்லியைப் பதினொரு மணிக்கே சாப்பிட்டிருந்தார். கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சர்க்கரை உள்ளவர்கள் பசியோடு இருந்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கைப்பையில் இருந்த மிட்டாயை முதலில் வாயில் போடவைத்துவிட்டு, பழைய பஸ் நிலையத்துப் பக்கம் கண்ணில் பட்ட ஒரு சின்ன ஹோட்டலுக்குள் அழைத்துப் போனேன்.

இலை போடச் சொன்னேன். அறுபது வயதிருக்கும் சர்வர், தோளில் துண்டோடு வந்து மாமாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "சாப்பாடு இருக்கிறது அம்மா. ஆனால் அடிப்பானைச் சோறு. சாம்பாரும் அடிமண்டி. ஐயாவுக்கு இது வேண்டாம்" என்றார். "சாயங்கால டிபனுக்கு மாவு வந்துவிட்டது. கல் காய்கிற நேரம் உட்காருங்கள், தோசை ஊற்றிக் கொண்டுவருகிறேன். அதுவரை ஐயா இதைக் குடிக்கட்டும்" என்று ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். கல்லாவில் இருந்த முதலாளிக்கு அத்தனையும் காதில் விழுந்திருக்கும். விற்கிற சரக்கைத் தன் ஆளே குறைத்துச் சொல்கிறார், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கடையில் அது வழக்கமான பேச்சு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

தோசையோடு கடப்பா வந்தது. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துக்கே உரியது. வெளியூர்க்காரராக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பச்சைமிளகாய், சோம்பு, பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவார்கள். சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. சோம்பு வாசனை மேலே நிற்க, பருப்பு அடியில் இதமாக இருக்கும். உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டு, மாமா மற்றதை வழித்துச் சாப்பிட்டார். "இன்னொன்று போடச் சொல்" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வெளியிடத்தில் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பருப்பை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்து, "புதுப் பருப்பு" என்றார். பஸ் ஏறிய பிறகு, "அந்த ஆள் எடை போடத் தெரிந்தவர், அம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

மிச்சத்தை வேறு யார் தலையிலாவது கட்டியிருப்பார் என்று சிலர் சொல்லலாம். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர்கள் இருவரிடமும் அதையேதான் சொன்னார். அவர்கள், "பரவாயில்லை, போடுங்கள், பசிக்கிறது" என்றார்கள், போட்டார். தெரிந்து சாப்பிடுவது வேறு, தெரியாமல் சாப்பிடவைப்பது வேறு. ஒரு தோசைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள், மூன்று மணிக்கு வயதானவர் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று பார்க்கட்டும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து மாமா இதைச் சந்தோஷமாகச் சொன்னபோது, என் நாத்தனார், "அப்பாவை ஹோட்டல் ஹோட்டலாக அலைய விடுகிறாயா அண்ணி, ஒரு டப்பா கூடுதலாகக் கட்டியிருந்தால் என்ன?" என்றார். இன்றுவரை குடும்ப விசேஷங்களில் அந்தப் பேச்சு வருகிறது. விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து, மருந்து எடுத்துவைத்து, பத்திரக் கட்டைச் சுமந்து, பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்தது எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. ஹோட்டல் வாசற்படி மட்டும் பட்டது. அன்றைக்கு உடன் வந்திருக்க வேண்டியவர்கள் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி மளிகை. திருச்சி உறையூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கடையில் வாங்குகிறேன். பட்டியலை எழுதிக் கொடுத்தால், கடைக்கார அண்ணன் பேனாவால் ஒன்றிரண்டைச் சுழித்துவிடுவார். "உளுந்து போன தடவை வந்த மூட்டைதான். மாவு காணாது. அரைக் கிலோ போதும், புதுச் சரக்கு வந்ததும் சொல்கிறேன்" என்பார். துவரம்பருப்பிலும் அப்படித்தான். வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. அரிசிக்கு இது நேர்மாறு. புது அரிசி குழையும், பழைய அரிசிதான் உதிரியாக வரும். அதனால் பொன்னி வாங்கும்போது, "பழசா?" என்று கேளுங்கள், பருப்பு வாங்கும்போது, "புதுசா?" என்று கேளுங்கள். ரவை, கடலைமாவு இரண்டையும் மாதக் கணக்கில் வாங்கவே வேண்டாம், வண்டு வந்துவிடும்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் எதிரி இல்லை. சோப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் அங்கேதான் வாங்குகிறேன். உறையில் நிகர எடையும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலையும் அச்சிட்டிருக்கும். கிராமுக்கோ கிலோவுக்கோ இவ்வளவு என்றும் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நினைக்காதீர்கள். இரண்டு பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்து அந்த எழுத்தைப் படித்தால் பல நேரம் தலைகீழாக இருக்கும். எடை மேல் சந்தேகம் வந்தால் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்.

ஆனால் பில் போடும் இடத்தில் கைப்பேசி எண் கேட்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. பச்சைப்பயறு வாங்க என் எண் எதற்கு? எண் தரும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நான் தருவதில்லை. பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டினாலும் தருவதில்லை. பெரிய ஹோட்டல்களில் கேட்காமலே பில்லில் சேர்க்கிற சேவைக் கட்டணமும் இப்படித்தான். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. பில்லில் அந்த வரியைக் கண்டால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தஞ்சாவூர் சர்வர் முதலில் மறுத்தார். மாமா அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் வந்தார்.

காய்கறிக்குக் காந்தி மார்க்கெட் போகலாம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு வாராவாரம் அவ்வளவு தூரம் தேவையில்லை. மொத்தமாக வாங்குபவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். சின்ன வெங்காயம் மட்டும் அங்கே போய், கையில் அள்ளிப் பார்த்து, காய்ந்த தாளாகச் சலசலப்பதை வாங்குங்கள்.

புதிதாக வீடு போடுபவர் என்பதால் இதையும் சொல்கிறேன். புளியை மாதாமாதம் வாங்காதீர்கள். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். அப்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவிப் பானையிலோ ஜாடியிலோ அழுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். மிளகாயும் மல்லியும் சித்திரை வெயிலுக்கு முன்பே வாங்கிவிட்டால், காயவைத்துப் பொடி திரித்துக்கொள்ள வசதி. எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால், தெருமுனைக் கடையில் முதலில் கால் கிலோ உளுந்து கேளுங்கள். "எதற்கு, இட்லிக்கா வடைக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் பட்டியலை நம்பிக் கொடுக்கலாம்.